பக்கத்துத் தோட்டத்து பேண்ட்: ஒரு பழைய கதை

கேகாலைப் பக்கம் திருவிழா சீசன் வந்தா எல்லாத் தோட்டத்துக் கோயில் கமிட்டியிலும் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் யாரு பேண்ட்?" ஒருத்தர் கொழும்புக் குழு வேணும்பார். இன்னொருத்தர் ஹட்டன்ல இருந்து கொண்டாருவோம்பார். காசுக் கணக்கு பார்த்த பிறகுதான் நம்ம பக்கத்துப் பையன்கள் ஞாபகத்துக்கு வருவாங்க. அப்படி இரண்டு குழு இருந்தா இரண்டு பேரையும் கூப்பிட்டு விலை கேட்பாங்க. ஒருத்தன் சொன்ன விலைக்குக் கீழே மற்றவன் இறங்குவான். பிறகு இவன் அதுக்கும் கீழே. ஷோ கிடைத்தவனுக்கு சவுண்ட்ஸ் வாடகை, வேன் ஹயர் எல்லாம் போக மிச்சம் விடியக்காலைப் பிளேன்டீ மட்டும்தான். கிடைக்காதவன் அடுத்த தீபாவளிக்குள்ள கீபோர்டை வித்துருவான். அதுக்கு அடுத்த வருஷம் கமிட்டி நேரா கொழும்புக்கே போயிரும்.

இதைப் பற்றிப் புலம்ப நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதவில்லை. புலம்பல் போதுமான அளவு இருக்குது. எங்களுக்கு வந்த சந்தேகம் வேறு. சின்ன ஊர்களில் இருந்து வந்த இசைக்குழுக்கள் எப்பவுமே இப்படி ஒருத்தரை ஒருத்தர் அறுத்துக்கொண்டுதான் இருந்தார்களா? இல்லாவிட்டால் வேற மாதிரி ஏதாவது நடந்திருக்கா? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம்.

நம்ம தோட்டங்களின் முதல் பேண்ட் எது என்று கேட்டால், தப்புதான். விடியக்காலையில் லயத்து ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டதும் தப்பு. சாவு வீட்டுக்கும் தப்பு, கோயில் கரகத்துக்கும் தப்பு, காமன் கூத்துக்கும் தப்பு. சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' நெடுங்கவிதையில் பொழுது விடிவதே அந்தச் சத்தத்தோடுதான். ஆனால் அதை அடித்த கைகளுக்கு என்ன மரியாதை கிடைத்தது? சத்தம் வேணும், ஆள் வேணாம் என்பதுதான் பல இடத்தில் நிலைமை. சாவுக்கு அடிக்கிறவன் என்று சாதி சொல்லி ஒதுக்கி வைத்துவிட்டு, இன்றைக்கு மேடையில் "நம்ம பாரம்பரிய வாத்தியம்" என்று பொன்னாடை போத்துவதில் எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்குது. அந்தக் கதையைச் சொல்லாமல் தப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறோம்.

தப்பு அடிக்கிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அடிக்க முன்னாடி நெருப்புப் போட்டுத் தோலைக் காய்ச்சுவாங்க. தோல் இறுகினாத்தான் கணீர் என்று வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி தளர்ந்துரும். மழை நாளில் இன்னும் சீக்கிரம் தளரும். கேகாலை மழையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதனால் நடுவில் ஒருத்தன் விலகி நெருப்புக்குப் போவான். மற்றவர்கள் அடி விடாமல் பிடித்துக்கொள்வார்கள். அவன் வந்ததும் அடுத்தவன் போவான். தனி ஆளாக ஒரு ராத்திரி முழுக்க அடிக்க முடியாத வாத்தியம் அது. நெருப்பும் பொது.

காமன் கூத்தும் அப்படித்தான். மாசி மாசத்தில் கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டி மன்மதன் எரிகிற வரைக்கும் நாள்கணக்காக நடக்கிற கூத்து. மதன், ரதி, எமன், வீரபத்திரன் என்று வேஷம் கட்ட ஆள் வேணும். பாட ஆள் வேணும். அடிக்க ஆள் வேணும். கதை முழுக்கத் தெரிந்த ஒரு வாத்தியார் வேணும். நுவரெலியாப் பக்கம் மாதிரி தோட்டத்தை ஒட்டித் தோட்டம், மலை முழுக்கத் தமிழ் என்பது நம்ம மாவட்டத்தில் கிடையாது. இங்கே மேலே தேயிலை, கீழே றப்பர், நடுநடுவே சிங்களக் கிராமங்கள். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, புலத்கொஹுபிட்டிய என்று சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன டிவிஷன்கள். இருபது முப்பது குடும்பம் உள்ள ஒரு டிவிஷனில் முழுக் கூத்துக்கும் ஆள் தேறாது. பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கேட்டுத்தான் ஆகணும். ரதி வேஷம் கட்டுகிறவர் ஒரு தோட்டம், வீரபத்திரன் வேறு தோட்டம் என்று போனால்தான் கூத்து நடக்கும். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஆள் பற்றாக்குறை.

அந்தப் பற்றாக்குறை தானாக வந்ததும் இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை ஒரு கணக்குப் புத்தகமாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். இந்த எண்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இதை ஒரு கூத்துக் குழுவின் பக்கத்தில் இருந்து யோசித்துப் பாருங்க. ஒரு லயத்தில் இருந்து நாலு குடும்பம் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினால், போகிறது நாலு குடும்பம் மட்டும் இல்லை. வாத்தியார் போயிருப்பார். உறுமி அடிக்கிறவர் போயிருப்பார். ரதியின் ஒப்பாரி முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டி போயிருப்பாங்க. அதுக்குப் பிறகு 1977, 1981 ஆகஸ்ட், 1983 என்று சபரகமுவத் தோட்டங்கள் அடிவாங்கிய வருஷங்கள். பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. இவ்வளவுக்கும் பிறகு இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் கூத்து மிஞ்சி இருக்குதுன்னா, அது அந்தத் தோட்டம் தனியாகக் காப்பாற்றியது இல்லை.

சரி, போட்டியே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. காமன் பண்டிகையில் தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி என்று ஒன்று பாடுவாங்க. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணி. சிவன் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு பக்கம், எரியவில்லை என்று மறுபக்கம். கேள்விப் பாட்டு, பதில் பாட்டு என்று விடிய விடிய மடக்கிக்கொள்வார்கள். நல்லாத் திட்டிக்கொள்வதும் உண்டு. நம்ம ஊர்ச் சிங்கள அயலவர்களிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கு: வாத பைலா. ஒரு தலைப்புக் கொடுத்தால் இரண்டு பாடகர்கள் அந்த இடத்திலேயே வரி கட்டி ஒருத்தரை ஒருத்தர் மடக்க வேணும். பொலிஸ்காரராக இருந்து பைலாவுக்கே அடையாளமான வொலி பஸ்தியன் இந்த வாத பைலா உலகத்தில் வளர்ந்த பெயர்தான்.

லாவணியிலும் வாத பைலாவிலும் எங்களுக்குப் பிடித்தது ஒன்று. எதிராளி வராவிட்டால் அன்றைக்கு நிகழ்ச்சியே இல்லை. எரியாத கட்சிக்காரனுக்குச் சுகமில்லை என்றால் எரிந்த கட்சிக்காரனுக்கும் அன்றைக்குக் கூலி இல்லை. எதிராளி நல்லாப் பாடினால்தான் இவனுக்கும் பேர். கமிட்டியில் விலை குறைக்கிற போட்டி இப்படி இல்லை. அதில் எதிராளி இல்லாமல் போனால் நமக்கு லாபம் என்று தோணும். இரண்டுக்கும் 'போட்டி' என்று ஒரே பெயர் வைத்ததுதான் பிரச்சினை என்று எங்களில் ஒருத்தர் சொல்லுவார்.

இனி இரத்தினபுரிக்கு வருவோம். நம்ம சபரகமுவ மாகாணத்தின் பெரிய பேண்ட் கதை அங்கேதான் தொடங்குது. 1960களின் நடுப்பகுதி. இரத்தினபுரிக்காரர் ஆன்ஸ்லி மாலேவன. ஹப்புத்தளையில் பிறந்து இரத்தினபுரிப் பக்கத் தோட்டத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸ் விஜேவர்தன. இவர்கள் இருந்த குழுதான் 'மூன்ஸ்டோன்ஸ்'. இரத்தினக்கல் ஊருக்குப் பொருத்தமான பெயர். அதுவரை சிங்கள மெல்லிசை என்றால் ஆர்மோனியம், சித்தார், வயலின் என்றுதான் பெரும்பாலும். கிளாரன்ஸ் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டு வந்து சிங்களப் பாட்டின் நடுவில் வைத்தார். இலங்கை வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயா இவர்களைத் தூக்கிவிட்டவர்களில் முக்கியமானவர். கொழும்புக்காரர்கள் இல்லாத ஒரு குழு, மாகாண நகரம் ஒன்றில் இருந்து போய் நாடு முழுக்கக் கேட்கப்பட்டது. இன்றைக்கும் நம்ம பஸ்களில் அந்தப் பாட்டுகள் ஓடுது.

1970 வாக்கில் கிளாரன்ஸ் பிரிந்து போய் 'கோல்டன் சைம்ஸ்' ஆரம்பித்தார். சாதாரணமா ஒரு பேண்ட் உடைந்தால் நம்ம ஊரில் என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள மாட்டாங்க. ஒருத்தன் பாட்டை மற்றவன் பாடினா அடிதடி. இங்கே நடந்தது வேறு. ஜெரால்ட் விக்கிரமசூரிய 'சூரியா' என்று ஒரு இசைத்தட்டு லேபல் நடத்தினார். மூன்ஸ்டோன்ஸ், மொறட்டுவையின் ஜிப்ஸீஸ், கிளாரன்ஸின் குழு என்று அந்தத் தலைமுறையின் பல குழுக்களுக்கு அது ஒரே கூரை. மூன்ஸ்டோன்ஸ் பாட்டுகளில் பாடிய இந்திராணி பெரேரா தன் சகோதரிகளோடு சேர்ந்து 'த்ரீ சிஸ்டர்ஸ்' என்றும் பாடினார். கிளாரன்ஸ் தன் குழுவுக்கு மட்டும் மெட்டுப் போடவில்லை; வேற பாடகர்களுக்கும் போட்டுக் கொடுத்தார். 1973இல் கிளாரன்ஸும் ஆன்ஸ்லியும் மறுபடி சேர்ந்து 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆனார்கள்.

சூரியா லேபல் 'சூரியா ஷோ' என்ற பெயரில் மேடை நிகழ்ச்சியும் நடத்தியது. பல குழுக்கள், ஒரே மேடை. இது வெறும் நல்ல மனசு இல்லை, கணக்கும் இருக்கு. அப்போது வந்த சின்ன இசைத்தட்டில் மிஞ்சிப் போனால் நாலு பாட்டு. சொந்தப் பாட்டு நாலோ எட்டோ வைத்திருக்கிற ஒரு புதுக்குழு தனியாக மூணு மணிநேர ஷோ போட்டால் பாதிக்கு மேல் மற்றவன் பாட்டைத்தான் பாடணும். அஞ்சு குழு சேர்ந்தால் எல்லாரும் சொந்தப் பாட்டை மட்டும் பாடினாலே ஷோ நிறையும். ஜிப்ஸீஸைப் பார்க்க வந்தவன் மூன்ஸ்டோன்ஸையும் கேட்டுட்டுப் போவான். சொந்தப் பாட்டு வளர்ந்தது அப்படித்தான். இன்றைக்கு நம்ம தோட்டத்து மேடைகளில் ராத்திரி முழுக்க சினிமாப் பாட்டு ஓடுவதற்கும், ஒரே குழு தனியாக அஞ்சு மணிநேரம் நிரப்ப வேண்டி இருப்பதற்கும் தொடர்பு இருக்குது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட முடியாது. மூன்ஸ்டோன்ஸ் கிளம்பிய அதே வருஷங்களில், அதே இரத்தினபுரி மாவட்டத்து லயங்களில் நம்ம ஆட்கள் பாஸ்போர்ட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூரைக்குள்ளே தப்புக்கு இடம் இருக்கவில்லை. தமிழில் அதே காலத்தில் பொப்பிசை வந்தது: நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் எல்லாம். மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து தமிழ்நாடு வரைக்கும் போனது. அங்கே அவர் 'சிலோன் மனோகர்' என்று சினிமாவிலும் நடித்தார். அதை நாங்களும் ஆடிக் கொண்டாடியிருக்கிறோம். ஆனாலும் அந்தப் பொப்பிசைக்குள்ளும் றப்பர் தோட்டம் பெரிதாக வரவில்லை. மேடையைப் பகிர்ந்தவர்கள் யாரோடு பகிர்ந்தார்கள், யாரைக் கூப்பிடவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் வரலாறு எழுதணும்.

மூன்ஸ்டோன்ஸ் காலத்துக் குழுக்களின் பெயர்களைப் பார்த்தால் 'லொஸ் கபலெரோஸ்', 'லா சிலோனியன்ஸ்' என்று இருக்கும். ஸ்பானியப் பெயர், தாளம் கலிப்ஸோ. 1956இல் ஹாரி பெலஃபொன்டேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு உலகம் முழுக்கப் பறந்ததின் எதிரொலி இது. அந்தக் கலிப்ஸோ எங்கிருந்து வந்தது? கரீபியன் தீவு டிரினிடாட்டில் இருந்து. அங்கேயும் தோட்டம், அங்கேயும் நம்மைப் போல ஒப்பந்தக் கூலிகள். 1845 முதல் 1917 வரைக்கும் 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றப்பட்டார்கள். அதில் ஒரு சிறு பங்கு சென்னைத் துறைமுகத்தில் இருந்து போன நம்ம பக்கத்து ஆட்கள். பேண்டுகள் பகையை விட்டு ஒன்றான கதை என்றால், உலகத்திலேயே எங்களுக்குத் தெரிந்த பெரிய கதை அந்தத் தீவில்தான் இருக்கு. அதனால் கொஞ்ச நேரம் அங்கே நிற்போம்.

டிரினிடாட்டில் அடிமைகளின் வழிவந்த ஆப்பிரிக்க மக்களின் மேளத்தை வெள்ளைக்கார அரசாங்கம் 1880களில் சட்டம் போட்டு அடக்கியது. 1884இல் இந்தியத் தொழிலாளர்களின் ஹொசே ஊர்வலத்தின் மேலும் துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றது. மேளம் அடிக்க முடியாத மக்கள் மூங்கில் குழாயைத் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930களின் கடைசியில் பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி, பிறகு எண்ணெய்ப் பீப்பாய். பீப்பாயின் அடியைச் சுத்தியலால் தட்டிக் குழியாக்கி, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சுரம் வரவைத்தார்கள். அதுதான் ஸ்டீல்பேன்.

ஒவ்வொரு சேரிக்கும் ஒரு குழு வந்தது. யுத்தப் படங்களைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: இன்வேடர்ஸ், டோக்கியோ, காசாபிளாங்கா, டெஸ்பராடோஸ். பெயருக்கு ஏற்ற மாதிரி யுத்தமும் செய்தார்கள். கார்னிவல் நாளில் இரண்டு குழு எதிரெதிரே வந்தால் கத்தி, போத்தல், கல். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் மோதிக்கொண்டது இன்றைக்கும் பேசப்படுகிற சண்டை. லார்ட் பிளேக்கி என்ற கலிப்ஸோ பாடகர் 'ஸ்டீல்பேண்ட் கிளாஷ்' என்று 1954இல் இதைப் பற்றிப் பாடினார். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஆடியது. ஸ்டீல்பேண்ட் பையன் என்றாலே ரௌடி என்று பெற்றோர் வீட்டுக்குள் விடாத காலம்.

அந்த 1950ஆம் வருஷமே குழுக்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1951இல் லண்டனில் 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' என்ற பெரிய விழா. அதுக்கு டிரினிடாட்டில் இருந்து ஒரு ஸ்டீல்பேண்ட் அனுப்பலாம் என்று வந்தது. எந்தக் குழுவை அனுப்புவது? கமிட்டி என்றால் இரண்டைக் கூப்பிட்டு விலை கேட்டிருக்கும். அவர்கள் வேறு முடிவு எடுத்தார்கள். ஒரு குழுவையும் அனுப்பவில்லை. பகைக் குழுக்களில் இருந்து ஒவ்வொரு நல்ல வாத்தியக்காரனாக எடுத்து, பத்துப் பதினொரு பேர் கொண்ட புதுக் குழு ஒன்றைக் கட்டினார்கள். 'டாஸ்போ' என்று அதற்குப் பெயர். இன்வேடர்ஸின் எலி மேனட், ஸ்பிரீ சைமன், அந்தனி வில்லியம்ஸ், ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் என்று பிறகு பெரிய பெயர் எடுத்த பலர் அதில் இருந்தார்கள்.

சேர்ந்து உட்கார்ந்ததும் முதல் பிரச்சினை சண்டை இல்லை, சுருதி. ஒவ்வொரு சேரியும் தன் பீப்பாயைத் தன் காதுக்கு ஏற்ற மாதிரித் தட்டி வைத்திருந்தது. எத்தனை சுரம், எந்தச் சுரம் எங்கே என்பதெல்லாம் குழுவுக்குக் குழு வேறு. தனித்தனியாக அடிக்கும்போது இது யாருக்கும் தெரியவில்லை; எல்லாரும் தங்கள் பீப்பாய்தான் சரி என்று இருந்தார்கள். டாஸ்போவைப் பயிற்றுவிக்க வந்தவர் பார்படோஸ்காரரான லெப்டினன்ட் ஜோசப் கிரிஃபித். பொலிஸ் பேண்ட் வாத்தியங்களில் ஊறியவர். பன்னிரண்டு சுரமும் முழுதாக வேணும் என்று அடம் பிடித்தார். ஒரு பீப்பாயில் அடங்காவிட்டால் இரண்டு பீப்பாய் வை, இரண்டும் போதாவிட்டால் மூணு வை என்றார். கீழ்ச் சுரத்துக்கு ஒருத்தனே பல பீப்பாய்களை அடிக்கிற முறை அப்படித்தான் உறுதியானது. ஒரு சேரிக்காரன் மறைத்து வைத்திருந்த தொழில் ரகசியம் இன்னொரு சேரிக்காரனுக்குத் தெரிந்தது. லண்டனில் துருப்பிடித்த பீப்பாய்களைப் பார்த்துச் சிரித்த கூட்டம் பாட்டுத் தொடங்கியதும் வாயடைத்து நின்றது.

ஊர் திரும்பியவர்கள் பழையபடி தங்கள் தங்கள் குழுவுக்குத்தான் போனார்கள். ஆனால் புதுச் சுருதியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டன்கோர்ட் லண்டனிலேயே தங்கி, பிற்காலத்து நொட்டிங் ஹில் கார்னிவலில் ஸ்டீல்பேனை ஒலிக்க வைத்தவர்களில் ஒருவர் ஆனார். 1963இல் 'பனோரமா' என்று பெரிய ஸ்டீல்பேண்ட் போட்டி தொடங்கியது. போட்டி ஒழியவில்லை, இன்றைக்கும் வெறித்தனமாக நடக்குது. ஆனால் மேடையில் எதிரிகளாக நிற்கிற பல குழுக்களின் பீப்பாய்களுக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பார். எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் லண்டன் கைதட்டல் இல்லை. ஒருத்தனோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால்தான் நம்ம சுருதி எங்கே விலகி இருக்கு என்று தெரியும் என்கிற அந்த ஒத்திகை நாட்கள்தான்.

நம்ம காலத்துக்கும் நம்ம மொழிக்கும் வந்தால் சென்னையின் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' உங்களுக்கே தெரியும். 2017இல் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து தொடங்கியது. வட சென்னையில் தனித்தனியாகச் சாவு வீடுகளிலும் தெரு மேடைகளிலும் பாடிக்கொண்டிருந்த கானா பாடகர்கள், றப் பாடுகிறவர்கள், ரொக் கிட்டார்காரர்கள், பறை அடிப்பவர்கள் என்று 19 பேர் ஒரே குழு ஆனார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சிந்தனையில் இருந்து பெயர். 2018 ஜனவரி 6ஆம் திகதி கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. மார்கழி என்றால் சபாக் கச்சேரி என்று இருந்த நகரத்தில் பிறகு 'மார்கழியில் மக்களிசை' என்று பல குழுக்களை ஒரே மேடையில் ஏற்றினார்கள். இரத்தினபுரியின் கூரைக்கு வெளியே நின்ற தப்பு, இங்கே கூரையின் நடுத்தூண். தோட்டத்துப் பிள்ளைகள் இந்தக் குழுவை ஃபோனில் பார்த்துவிட்டுத் தாத்தாவின் தப்பைத் தேடி எடுத்தால் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை.

காசு விஷயத்தையும் பேசணும், இல்லாவிட்டால் இது வெறும் பஜனை. சென்னை சினிமா வாத்தியக் கலைஞர்கள் ஒரு காலத்தில் வேலை முடிந்து காசுக்கு அலைந்தவர்கள்தான். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் முன்னின்று அவர்களுக்குச் சங்கம் கட்டினார். தனித்தனியாகக் கேட்டால் "உனக்கு முடியாட்டி இன்னொருத்தன் வருவான்" என்பார்கள். எல்லாரும் ஒரே கூலி கேட்டால் அந்த இன்னொருத்தன் இல்லை. இன்னொரு உதாரணம் கடல் தாண்டி வாஷிங்டனில் இருந்து. 1980இல் 'டீன் ஐடில்ஸ்' என்று ஒரு பள்ளிக்கூடப் பையன்களின் பங்க் குழு கலைகிற நேரம். கச்சேரிகளில் சேர்த்த காசைப் பங்கு போட்டுக் கொள்ளாமல் ஒரு இசைத்தட்டு போட்டார்கள். 1,000 பிரதி. உறையைத் தாங்களே கையால் வெட்டி ஒட்டினார்கள். அது விற்று வந்த காசில் அடுத்த குழுவின் தட்டு, அதில் வந்ததில் அதற்கடுத்த குழு. 'டிஸ்கார்ட்' என்ற அந்த லேபல் இன்றைக்கும் இருக்கு. ஆரம்பித்த குழு ஒரு வருஷம் போலத்தான் இருந்தது.

நம்ம சீட்டுக் கட்டுகிற முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லயத்தில் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்துத்தான் ஒருத்தர் வீட்டுக்கு டிவி, இன்னொருத்தர் வீட்டுக்குக் கதவு, ஜன்னல் வந்தது. அதே வழியில் ஒரு மிக்ஸரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்க முடியாதா? மூணு குழு சேர்ந்து ஒரு சவுண்ட்ஸ் வைத்திருந்தால் வாடகை என்கிற பெரிய ஓட்டை அடைபடும். வாடகை அடைபட்டால் கமிட்டிக்கு முன்னால் விலை இறக்க வேண்டிய அவசரமும் குறையும். "இதுக்குக் கீழே நாங்க யாரும் வரமாட்டோம்" என்று ஒரு தொகையை மூணு பேரும் பேசி வைத்துக்கொள்ளலாம். கமிட்டிக்காரர்கள் கோபிப்பாங்க, உண்மைதான். ஆனா அவங்களும் நம்ம மாமா, சித்தப்பாமார்தானே. நாட்சம்பளத்துக்குத் தொழிற்சங்கம் வைத்துப் போராடிய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் ஆகாது.

சண்டை வரும் என்று சொல்லுவீங்க. வரும். ஸ்பீக்கர் யார் வீட்டில் இருக்கணும், போஸ்டரில் யார் பெயர் முதலில், நல்லாப் பாடுகிற தங்கச்சி எந்தக் குழுவோடு பாடணும் என்று எல்லாம் வரும். இன்வேடர்ஸ், டோக்கியோ அளவுக்குப் போகாமல் இருந்தால் சரி.

நாங்கள் இப்போதைக்கு ஒரு சின்ன வேலைதான் செய்கிறோம். எட்டியாந்தோட்டையில் இருந்து தெரணியகல வரைக்கும் எந்தத் தோட்டத்தில் யாரிடம் என்ன வாத்தியம் இருக்கு, என்ன நாளில் இரவல் கொடுக்க முடியும், எந்தக் கோயில் திருவிழா எந்த மாசம் என்று ஒரு கொப்பியில் எழுதுகிறோம். தப்புப் பக்கம் நாங்கள் நினைத்ததை விட நிறைய வந்திருக்கு. கீபோர்டும் பரவாயில்லை. பேஸ் கிட்டார் என்ற இடம் மட்டும் இன்னும் வெறுமையா இருக்குது. உங்க பக்கத்தில் யாரிடமாவது இருந்தா சொல்லுங்க.